சூடானால் நின்றுவிடும் வண்டி

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு பள்ளி விடுமுறையில் அப்பா மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். முள்தோல் டுரியான் பழத்தின் பருவம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவ் தோட்டங்களில் பழம் ஏற்றிவந்து எங்கள் ஊர் ஜெலுத்தோங் சந்தைக்காரர்களுக்குப் போடுவது அப்பாவின் தொழில். அவர் கால் ஆறும்வரை பழங்கள் மரத்தில் காத்திருக்காது. அதனால் பிக்கப் வண்டியின் சாவியை அம்மா எடுத்துக்கொண்டாள். வீட்டில் விட்டுப்போனால் அப்பாவைத் தொந்தரவு செய்வேன் என்று என்னையும் கூடவே ஏற்றிக்கொண்டாள்.

அம்மா நன்றாகவே ஓட்டினாள். இரண்டாவது வாரம் மலைப்பாதையில் வண்டி நின்றது. இருமலும் இல்லை, குலுக்கலும் இல்லை. விளக்கை அணைத்ததுபோல் நின்றது. சாவியைத் திருகினால் இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. அரைமணி நேரம் ஓரமாக உட்கார்ந்திருந்த பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் நாங்கள் நின்றிருந்தபோது என் வகுப்புப் பையன் ஒருவன் அவன் அப்பாவின் காரில் கடந்துபோனான், கை காட்டினான். நான் இருக்கைக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

எங்கள் அடுக்குமாடிக்குப் பின்தெருவில் சித்தப்பா பட்டறை வைத்திருந்தார். அவர் பேட்டரியை மாற்றினார், டீசல் ஃபில்டரை மாற்றினார். அவர் கையில் மட்டும் வண்டி முதல் திருகலிலேயே கிளம்பியது.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல லா, அண்ணி. கிளச்ச பாத்து விடுங்க."

மாவுக்கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டியிருந்த அப்பா, "என் கையில ஒரு நாளும் நின்னதில்ல" என்றார்.

கல்யாணத்துக்கு முன்பு பிறை என்ற ஊரில் ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் ஏழு வருடம் வேலை பார்த்தவள் அம்மா. பாகங்களைச் சூட்டில் வைத்து, எது தாங்குகிறது எது சாகிறது என்று பிரித்தெடுப்பது அவள் வேலை. இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் அது ஒரு பொருட்டாக இருந்ததில்லை.

அடுத்த முறை வண்டி நின்றபோது அம்மா இறங்கவில்லை. சாவியைத் திருகிப் பிடித்துக்கொண்டு, இன்ஜின் வேகத்தைக் காட்டும் முள்ளையே பார்த்தாள். இன்ஜின் சுற்றிக்கொண்டிருந்தது, முள் படுத்தே கிடந்தது. அன்று சாயங்காலம் ஸ்பேர்பார்ட்ஸ் கடைச் சீனரிடம் போய் மலாயில் விளக்கினாள். அவர் "கிரேங்க் சென்சர்" என்று சொல்லி, அது இருக்கும் இடத்தை ஒரு பழைய ரசீதின் பின்பக்கம் வரைந்து கொடுத்தார். இன்ஜின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்தக் கட்டைவிரல் அளவுப் பாகம். அது வாயை மூடிக்கொண்டால் எந்த நொடியில் டீசலைப் பீய்ச்சுவது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

மறுநாள் வண்டி நின்றதும் அம்மா சாலையில் மண்டியிட்டு, குடிக்க வைத்திருந்த தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றினாள். இரண்டு நிமிடத்தில் வண்டி கிளம்பியது.

"சூட்டுல சாவுது" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, இன்ஜினிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கீழே கார் நிறுத்தும் இடத்தில் அட்டைப்பெட்டியை விரித்து, வண்டிக்கு அடியில் படுத்து அதை மாற்றினாள். ஒரே ஒரு போல்ட்டுதான். ஆனால் பழைய சென்சர் இறுகிப் பிடித்திருந்ததால் முக்கால் மணி நேரம் ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டியிருந்தது. அதன் முனையில் இரும்புத்தூள் அப்பியிருந்தது, ஒயரின் தோல் வெடித்திருந்தது. புதியதைப் போட்டபின் மூன்று நாள் மலை ஏறி இறங்கினோம். வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா பழைய சென்சரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அவள் சிரித்தபடி இருந்தாள். அப்பாவைப் பார்க்க வந்திருந்த சித்தப்பா அதைப் புரட்டிப் பார்த்தார்.

"இது நல்லாத்தானே இருக்கு? யாரக் கேட்டு மாத்துனீங்க?"

கீழே போனார். புதியதைக் கழற்றிப் பழையதை மாட்டினார். ஜெலுத்தோங்கைப் பத்து நிமிடம் சுற்றிவிட்டு, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே மேலே வந்தார்.

"பாத்தீங்களா? நின்னுச்சா? புதுச கடையில திருப்பிக் குடுத்துரலாம்."

பத்து நிமிடத்தில் சூடாகாது என்று அம்மா சொல்ல ஆரம்பித்தாள். சித்தப்பா என் பக்கம் திரும்பிவிட்டார். "நீதானே கூட போற? அம்மா எப்படி ஓட்டுவாங்க, காட்டு."

நான் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். கழுத்தை நீட்டி, முழங்காலைத் தூக்கி, டக்கென்று காலை விட்டு, முன்னும் பின்னும் குலுங்கி நின்றேன். அப்பா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கால் உடைந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இன்னொரு முறை செய்து காட்டினேன். அம்மா சமையலறை வாசலில் நின்று முழுவதையும் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் பழம் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வந்துகொண்டிருந்தோம். ஒரு வளைவில் இன்ஜின் செத்தது. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. எதிரே லாரி. அம்மா இருக்கையிலிருந்து எழும்பியே விட்டாள். இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கை இழுத்து, வண்டியை இடப்பக்க மண்மேட்டில் கொண்டுபோய் மோதி நிறுத்தினாள். லாரி ஹாரன் அடித்தபடியே போய்விட்டது. பின்னால் டுரியான்கள் உருண்டு விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"அடிபட்டுச்சாம்மா?" என்று என் தலையையும் கைகால்களையும் தடவிப் பார்த்தாள். தண்ணீர் ஊற்றி, வண்டியைக் கிளப்பி, வீட்டுக்கு வந்து சாவியை அப்பாவின் மடியில் வைத்தாள்.

"இனிமே நான் ஓட்டல."

முன்பக்கம் நசுங்கியிருந்ததைப் பார்த்து அப்பா கத்தினார். சித்தப்பா கத்தவில்லை. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். கடையில் திருப்பிக் கொடுக்காமல் அலமாரியில் வைத்திருந்த புதிய சென்சரை எடுத்து மாட்டினார். நான் பட்டறை வாசலில் நின்று அதைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

"சின்ன அட்ஜஸ்மெண்ட்தான், அண்ணே" என்று அப்பாவிடம் சொன்னார்.

மீதிப் பருவத்துக்குப் பட்டறை ஆள் ஒருவர் ஓட்டினார். வண்டி எங்கும் நிற்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் அப்பா, தம்பி கை வைத்ததும் சரியாகிவிட்டது, அதற்குள் இவள் முன்பக்கத்தை நசுக்கிவிட்டாள் என்று சொன்னார். நான் பக்கத்தில்தான் இருப்பேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

அந்த வருடம் அம்மா லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. பொருள் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனாள். இரண்டு கையிலும் பை கனக்க நிற்கும்போது எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள், "உனக்குத்தான் ஓட்டத் தெரியுமே, ஏன்மா பஸ்ஸுல போறோம்?" என்று கேட்டேன்.

"பஸ்ஸுல போனா வேடிக்கை பாத்துக்கிட்டே போலாம் லா" என்றாள்.

அம்மாவுக்கு வேடிக்கை பார்க்க அவ்வளவு பிடிக்கும்போல என்று எண்ணிக்கொண்டேன். அன்றிலிருந்து ஜன்னலோர இருக்கையை அவளுக்கே விட்டுக்கொடுத்தேன். அவளுக்காகப் பெரிய தியாகம் ஒன்றைச் செய்வதாக எனக்கு நினைப்பு.