நான் பதிவேற்றாத பத்தாவது காணொளி

சென்ற ஆண்டு செமஸ்டர் விடுமுறையில், மலேசியாவில் ரெம்பாவுக்கு அருகே நான் பிறந்து வளர்ந்த, எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டத்தில் இது தொடங்கியது. அப்போது சமூக ஊடகத்தில் ஒரு சவால் பரவிக்கொண்டிருந்தது. பத்து நாள், நாளுக்கு ஒன்றாக, மறுக்கப்படக்கூடிய எதையாவது யாரிடமாவது கேட்க வேண்டும். கேட்பதைக் காணொளியாகப் பதிவேற்ற வேண்டும். ‘முடியாது’ என்ற சொல்லுக்கு அஞ்சுவதை நிறுத்தும் பயிற்சி அது என்றார்கள்.

எனக்கு அந்தப் பயிற்சி தேவைப்பட்டது. பள்ளி நாள் முதல் சொற்போர் மேடையில் நிற்பவள் நான். எதிரணியின் வாதத்தை மறுப்பது எனக்குக் கைவந்த கலை. எங்கள் வீட்டு அலமாரியில் சிறந்த பேச்சாளர் கோப்பைகளுக்கு இடம் போதாது. அப்படியிருந்தும், நீலாயில் நான் படிக்கும் பல்கலைக்கழகத்தின் சொற்போர் அணி இரண்டாம் ஆண்டில் என் பெயர் இல்லாமலேயே அறிவிக்கப்பட்டது. அணித் தலைவி என் பள்ளித் தோழி. ‘ஏன்’ என்று அவளிடம் நான் கேட்கவில்லை. ‘படிப்புச் சுமை, நானே விலகிக்கொண்டேன்’ என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். அவளோடு பேசுவதும் நின்றுபோனது.

விடுமுறை முடிந்ததும் புதிய அணியைத் தேர்ந்தெடுப்பார்கள். பத்தாவது நாள் அவளிடம் போய் இடம் கேட்பது. முந்தைய ஒன்பது நாளும் அதற்கு ஒத்திகை. இதுதான் என் திட்டம்.

முதல் மூன்று நாளும் தோல்வி. முதல் நாள், பரோட்டா போன்ற ரொட்டி சானாய் சுடும் கடையில் ஒரு ரொட்டியை நானே வீசிப் பார்க்கக் கேட்டதுகூட மறுக்கப்பட்டது. நான்காம் நாள், குலை வெட்டும் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோரிடம் போனேன். கைப்பேசியை அவருடைய மோட்டார் இருக்கையில் சாய்த்து வைத்தேன்.

“அங்கிள், ஒரே ஒரு குலை நான் வெட்டிப் பார்க்கவா?”

அவர் பதில் சொல்லுமுன் நான் தொடர்ந்தேன். “ஆபத்துன்னு நீங்க சொல்லலாம். கம்பு முப்பது அடி, குலை தலையில விழுந்தா என்ன ஆகும்னு கேக்கலாம். ஆனா ஹெல்மெட் போட்டுக்குவேன். மேனேஜர் பார்த்தா உங்க வேலைக்கே பிரச்சனைன்னு சொல்லலாம். ஆனா அவரு இன்னைக்கு சிரம்பான் போயிட்டாரு…”

எதிரணி எழுப்பக்கூடிய மறுப்புகளை முன்கூட்டியே எடுத்துச் சொல்லி உடைப்பது எங்கள் மேடைப் பயிற்சியின் முதல் பாடம். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

“நான் மேனேஜர நெனச்சே பார்க்கல பாப்பா. நீ சொல்றத கேட்டா எனக்கே பயமா இருக்கு. வேணாம் லா.”

பின்னால் நின்ற வெட்டுக்காரர் ஒருவர் சிரித்தார். “லாயரு அவங்க கேஸ அவங்களே தோத்துட்டாங்க லா.”

அன்று மாலை அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான் முதல் வாக்கியத்தை முடித்த மறுகணமே மண்டோர் தன் கையிலிருந்த குலை வெட்டும் கம்பை என் பக்கம் நீட்டியிருந்தார். நான் அதைப் பார்க்கவே இல்லை. கடைசி வரிசைக்கு மேலே பார்வையை நிறுத்திப் பேசு என்று மேடையில் பழக்கியிருந்தார்கள். நானும் அவர் தலைக்கு மேலே செம்பனை ஓலையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். ஐயம் எழுந்து முதல் நாள் காணொளியையும் திறந்தேன். நான் கேட்டதுமே ரொட்டிக்காரர் கல்லை விட்டு ஓரடி ஒதுங்கி எனக்கு இடம் விட்டிருந்தார். அதற்குப் பிறகும் நான் இரண்டு நிமிடம் வாதாடியிருந்தேன். வரிசையில் ஆள் சேர்ந்ததும் அவர் தலையசைத்து மறுத்துவிட்டார்.

பயத்தை விடவும் ஆர்வம் பெரிதாகிவிட்டது எனக்கு. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க விரும்பினேன். ஐந்தாம் நாளிலிருந்து ஒரே வாக்கியம். பிறகு வாயை மூடிக்கொண்டு முகத்தைப் பார்ப்பது. அந்த மௌனம் மேடையில் ஒருமுறையும் நான் அனுபவிக்காத கொடுமை. ரெம்பாவில் ஒரு தையல்காரம்மாவிடம், உங்கள் இயந்திரத்தில் ஒரு வரி தைக்கலாமா என்று கேட்டேன். அவர் கண் முதலில் என்மேல் வரவில்லை. மடியில் இருந்த பட்டுத் துணிக்குப் போனது. “முடியாது லா ம்மா, நாளைக்குக் கல்யாண ரவிக்கை” என்றார். பிறகு, உட்கார்ந்து பாரேன் என்று காலால் ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளினார்.

பத்தாவது நாள், விடுமுறை முடிந்து திறந்த பல்கலைக்கழகத்தின் சிற்றுண்டிச்சாலையில் தோழியின் எதிரே அமர்ந்தேன். கைப்பேசியைக் குவளையில் சாய்த்து வைத்தவள், அவள் முகத்தைப் பார்த்ததும் எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டேன்.

“இந்த வருஷம் டீம்ல எனக்கு இடம் இருக்கா?”

அவள் உறிஞ்சுகுழலால் ஐஸைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

“இல்ல டி.”

“ஏன்?” என்று கேட்டேன், ஓராண்டு தாமதமாக.

“நெஜமாவே கேக்குறியா, இல்ல மறுத்துப் பேசப் போறியா?”

“கேக்குறேன்.”

“ஃபர்ஸ்ட் இயர் கடைசிப் போட்டியில நான் எழுந்து பேசறப்ப எத்தன சீட்டு தள்ளுன, தெரியுமா? பதினொன்னு. நான் என் பாயிண்ட பேசவா, உன் சீட்ட படிக்கவா? நீ பக்கத்துல இருந்தா எனக்கு நாக்கு ஒட்டிக்குது டி.”

பேசும் தோழருக்குக் குறிப்பு எழுதித் தள்ளுவது எங்கள் வழக்கம். அதை என் உழைப்பு என்றே அதுவரை எண்ணியிருந்தேன். மூன்று மறுப்புகள் என் நாவில் வரிசை கட்டி நின்றன. விழுங்கினேன்.

“பயிற்சிக்கு டைம் பார்த்து மணி அடிக்கவாவது வரட்டா?”

இதை நான் திட்டமிட்டிருக்கவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“மணி அடிக்கிறவங்க பேசக் கூடாது.”

“தெரியும்.”

“சீட்டும் எழுதக் கூடாது.”

“பேனாவே கொண்டு வரல.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வியாழக்கிழமை அஞ்சு மணி. லேட்டா வராத லா.”

அந்த வியாழக்கிழமைதான் அவளுடைய பேச்சை முதன்முறையாக முழுமையாகக் கேட்டேன். ஏழு நிமிடம். இரண்டாவதாக அவள் எடுத்துவைத்த வாதம், நான் சீட்டெழுதி எப்போதும் கைவிடச் சொன்ன அதே வகை வாதம். அதுதான் அவளுடைய பேச்சில் மிக வலுவான இடம். மணியை அடிக்க ஒரு நொடி தாமதித்துவிட்டேன்.

என் சமூக ஊடகப் பக்கத்தில் ஒன்பது காணொளிகள்தாம் இருக்கின்றன. சவாலை நான் பாதியில் விட்டதாகப் பலரும் கேலி செய்கிறார்கள். இன்றும் ஒன்றைக் கேட்டுவிட்டு வாய்மூடி நிற்கும் அந்தச் சில நொடிகளில் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிரே இருப்பவரின் முகத்தில் என்ன வரப்போகிறது என்று அறியும் ஆவல், அந்தப் பயத்தை விட எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.