அண்ணன் பேரில் தம்பி ரத்தம்

மிளகு பறிக்க மரமேறுவதில் மலைமேல் குண்டூர் நாட்டு அர்த்தனாரியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஐம்பது தாண்டியும் ஒற்றை மூங்கில் ஏணியில் சரசரவென்று ஏறிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷன் ரத்தத்தில்தான், 2007 தை மாத மருத்துவ முகாமில், வேண்டாத புரதம் ஒன்று இருப்பதாகத் தெரிந்தது.

"இப்போதைக்கு நோய் இல்லீங்க. பின்னால ரத்தப் புற்றுநோயா மாறலாம், கடைசிவரைக்கும் மாறாமலும் போகலாம். வருசா வருசம் சோதனைக்கு ரத்தம் குடுங்க, போதும்" என்றார் டாக்டர் வித்யாஸ்ரீ. ஆப்பிரிக்காவில், கானா நாட்டு ஆஸ்பத்திரியில் பல வருஷம் இருந்தவர். கறுப்பின மக்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக, அதுவும் இளவயதிலேயே வருவதைப் பார்த்தவர், ஊர் திரும்பியும் இதைத் தேடுவதை விடவில்லை.

அர்த்தனாரிக்கு ஒரே ஆச்சரியம். வராத நோயை ரத்தம் முன்கூட்டியே சொல்லுமா? கடலுக்கு அப்பால் முகமறியாத ஒருத்தன் உடம்பிலும் இதே சங்கதி ஓடுகிறதா? பல நாள் தன் கையையே உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவருஷம் ரத்தம் கொடுக்கும் நாள் சரியாக மிளகுப் பறிப்பில் வந்து தொலைத்தது. உள்ளூரப் பயம் வேறு. தம்பி ராசப்பனைப் பிடித்தார்.

"நீ போயி எம்பேரச் சொல்லிக் குடுத்துட்டு வா சாமி. ஒரே வயித்துல பொறந்தோம், ஒரே ரத்தம்தான?"

பங்காளி என்றால் ஒரே ரத்தம். மலையில் இதில் யாருக்குச் சந்தேகம்? ராசப்பனும் பஸ் ஏறிப்போய்க் கையை நீட்டிவிட்டு வந்தான். ஊசி குத்தியவருக்கு அர்த்தனாரி யாரென்று தெரியவா போகிறது.

சில நாளில் டாக்டரே ஜீப்பில் மலையேறி வந்துவிட்டார். அண்ணனும் தம்பியும் வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க அர்த்தனாரி, ஒரே வருசத்துல அந்தப் புரதம் இவ்வளவு ஏறும்னு நான் நெனைக்கலீங்க. புற்றுநோயா மாற ஆரம்பிச்ச மாதிரி தெரியுது. எலும்ப அரிக்கறதுக்கு முந்தியே பிடிச்சிட்டம். மருந்து இருக்குது, உடனே கிளம்புங்க."

இந்தச் சொல்லுக்குத்தான் அர்த்தனாரி ஒரு வருஷமாக நடுங்கிக்கொண்டிருந்தார். அது தனக்கில்லை என்றதும் நியாயமாக நிம்மதி வரவேண்டும். வரவில்லை.

"அது என்ற ரத்தம் இல்லீங்கம்மா" என்று தம்பியைக் காட்டினார்.

டாக்டர் ராசப்பன் பக்கம் திரும்பினார். பிறகு, கானாவிலும் ஒரே குடும்பத்தில் இரண்டு பேரிடம் கண்டதுண்டு என்றார். அர்த்தனாரி காதில் எதுவும் ஏறவில்லை. தான் ஒழுங்காகப் போயிருந்தால் ராசப்பன் ரத்தத்தை எவன் பார்த்திருப்பான்? நினைக்க நினைக்க அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

ராசப்பன் கையில் ஒட்டிய மிளகைத் தட்டிவிட்டு எழுந்தான்.

"அழுவாதண்ணா. நான் மருந்து திங்கறன். இந்த வாட்டி உன்ற ரத்தத்த நீயே வந்து குடு."