ஐந்தாவது நகம்

பெய்ஜிங்கின் முன்வாசல் கடைத்தெருவில், பான் முதலாளியின் பழந்துணிக் கடையில் வென்சினுக்குப் பதினோரு வருடத் தையல் வேலை. அரசாட்சி போனபின் அதிகாரிகளின் வீடுகளிலிருந்து பட்டு அங்கிகள் மூட்டை மூட்டையாக வந்தன. டிராகனின் பாதத்தில் நாலு நகம் இருந்தால் அது அதிகாரியின் அங்கி. ஐந்து நகம் அரச குடும்பத்துக்கு மட்டும்; அரசர் காலத்தில் வேறு யாராவது உடுத்தினால் தலை போகும். வெளிநாட்டுக்காரர்கள் நகத்தை எண்ணிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அதனால் நாலு நகத்தோடு கடைக்குள் வரும் டிராகன்கள் வென்சின் கையால் ஐந்தாவதைப் பெற்றுக்கொண்டு வெளியே போயின. டிராகனுக்கு வலிக்கவா போகிறது என்பாள்.

அந்தக் குளிர்காலத்தில் மாமனார் லியாங் படுத்த படுக்கையானார். ஒரு காலத்தில் அமைச்சகத்தில் நகலெழுத்தர், ஏழாம் தரம். தன் அங்கியோடுதான் புதைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். மார்பிலிருந்த டிராகனைப் பூச்சி அரித்திருந்தது. வென்சின் மூன்று நாள் உட்கார்ந்து நாலு பாதங்களையும் பொன்னிழையில் புதிதாகத் தைத்தாள்.

மூச்சு இருக்கும்போதே உடுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் போகிற இடத்தில் வெற்றுடம்போடு நிற்க வேண்டிவரும். உடுத்தினார்கள். பெரியவர் ஒரு பாதத்தை விரலால் தடவினார். இரண்டு முறை எண்ணினார்.

"ஏம்மா, நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்? செத்த பிறகும் என் தலைய வெட்டணுமா?"

வென்சினும் எண்ணினாள். ஐந்து. நாலு பாதத்திலும் ஐந்து. கை கடைவேலையைப் பார்த்துவிட்டிருந்தது.

அரசரே இல்லை, இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று அவள் கணவன் பாவ்ஷான் சமாதானம் சொன்னான்.

"இங்கதான்டா இல்ல. அங்க எல்லா அரசருங்களும் வரிசையா உக்காந்திருக்காங்க. நான் எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்?"

உடுத்தியதைக் கழற்றக் கூடாது. வென்சின் படுக்கையின் ஓரத்தில் மண்டியிட்டு, அவர் மார்பின் மேலேயே ஊசிமுனையால் ஐந்தாவது நகங்களின் நூலைப் பிரிக்கத் தொடங்கினாள். மூச்சு ஏறி இறங்கியது. டிராகனும் ஏறி இறங்கியது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் காத்திருந்து ஒரு தையலை எடுத்தாள். மூன்றாவது பாதம் முடிந்தபோது இறங்கிய மார்பு மறுபடி ஏறவில்லை.

பாவ்ஷான் அழுதான். கொஞ்ச நேரம் கழித்து அவள் தோளைத் தொட்டான்.

"போதும் விடு. அப்பா கைய மேல மடிச்சு வச்சுட்டா அந்த ஒரு பாதம் தெரியாது."

"உங்கப்பாவுக்குத் தெரியும்" என்றாள்.

அசையாத துணியில் வேலை சீக்கிரம் முடிந்தது. ஊசித் துளைகளை நீவி மூடினாள். பிறகு பாவ்ஷானைக் கூப்பிட்டு, ஒவ்வொரு பாதமாக வாய்விட்டு எண்ணச் சொன்னாள்.