மலேசியா சாருக்கு ஒரு தட்டு

காலை 8.40, போத்தனூர். நான் கிளம்பும்போது எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா வாசலில் நின்றிருந்தார். "ஏனுங்க, சாப்பிட வாங்க" என்றார். "ஆச்சுங்க, நீங்க சாப்பிடுங்க" என்றேன். ஆகவில்லை. வெறும் டீதான் குடித்திருந்தேன். ஆனால் ஏழு மாதமாக இந்த ஊரில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இந்த ஒரு பதிலைத்தான்.

கற்ற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வந்த முதல் வாரம் இதே அக்கா இதே வாசலில் இப்படித்தான் கூப்பிட்டார். நமது ஈப்போவில் சாப்பிடக் கூப்பிட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவோம் அல்லவா? உட்கார்ந்துவிட்டேன். அந்த வீடு ஒரு நிமிடம் மூச்சை நிறுத்தியது. பிறகு அக்காவின் கணவர் பின்வாசல் வழியாகப் போய்ப் பரோட்டா வாங்கி வந்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கூப்பிடுவது மரியாதை, மறுப்பது பதில் மரியாதை என்று பரோட்டாவை மென்றபடியே விளங்கிக்கொண்டேன். அதன்பின் கோவையில் என்னைச் சாப்பிடக் கூப்பிடாதவர் இல்லை. யார் வீட்டிலும் நான் சாப்பிட்டதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் தெரு முழுக்கக் கறி மணக்கும்போது, என் அறையில் நானும் ஒரு பொட்டலமும் இருப்போம். தாய்மொழி பேசும் ஊரில் வெளிநாட்டுக்காரனாக இருப்பது எப்படி என்று ஈப்போவிலிருந்து எழுதிக் கேட்டிருந்தீர்கள். எல்லாம் புரிகிறது. அதுதான் சிக்கல்.

இங்கே எனக்கு வேலை, ஒரு சிறிய மின்சாரக் காருக்குத் தமிழில் கையேடு எழுதுவது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. 'ஓட்டுநர் இருக்கையில் அமரவும்' என்று எழுதப்போகிறவன் அந்த இருக்கையை ஒருமுறையாவது பார்க்கட்டும் என்று தொழிற்சாலைக்கு இரக்கம் பிறந்திருக்க வேண்டும். வரச் சொன்னார்கள். தேதியும் நேரமும் சொல்லி இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் அழைப்பு.

மலுமிச்சம்பட்டி தாண்டி இருக்கிறது தொழிற்சாலை. ஆட்டோவுக்கு 200 ரூபாய். "எந்த ஊருங்க?" என்றார் ஓட்டுநர்.

"மலேசியா."

"அது கெடக்கட்டுங்க. சொந்த ஊரு?"

"தாத்தா சத்தியமங்கலம் பக்கம்னு சொல்லுவாங்க."

"அப்புடிச் சொல்லுங்க! நம்ம சனம். ஒரு நாளைக்கு ஊட்டுக்கு வாங்க."

வீடு எங்கே என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இருவரும் முறைப்படி நடந்துகொண்டோம்.

9.30. சுற்றிக்காட்ட வந்தவர் பழனிச்சாமி, லைன் சூப்பர்வைசர். என் வயது, என் அளவுத் தொப்பை. "டிபன் ஆச்சுங்களா?" என்றார். ஹெல்மெட் வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டேன்: "டீ மட்டுந்தாங்க." அவர் தலையாட்டிவிட்டு, யாருக்கோ போன் செய்ய இரண்டடி தள்ளிப் போனார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எதிர்பார்த்த இரைச்சல் உள்ளே இல்லை. கதவும் சக்கரமும் இல்லாத வண்டிகள் தலைக்கு மேலே தொங்கியபடி மெதுவாக நகர்ந்தன. "அவரு வந்த நாள்ல இருந்து ஒரு லீவு போட்டதில்லைங்க" என்றார் பழனிச்சாமி. யாரென்று திரும்பினால், தகடுகளைப் பற்றவைக்கும் இயந்திரக் கை. அதன் முழங்கையில் குங்குமப் பொட்டு.

"இயந்திரத்துக்குமா மரியாதை?"

"எங்கூட்டுல எனக்கே இத்தனை கெடையாதுங்க."

கடைசியில் மழைக்கூண்டு. தயாரான காரை ஒரு கண்ணாடி அறைக்குள் நிறுத்தி, நாலாபுறமும் தண்ணீர் பீய்ச்சி ஒழுகுகிறதா என்று பார்க்கிறார்கள். "உள்ள உக்காந்து பாருங்க, கையேட்டுல எழுதலாம்" என்று என்னை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றிக் கதவைச் சாத்தினார். மழை கொட்டியது. ஈப்போவின் மூன்று மணி மழை, அதே சத்தம். நான் அங்கே இருந்திருந்தால், அந்த மழைக்கு என் மனைவி இந்நேரம் தான் கற்பிக்கும் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று, நான் குடை கொண்டுவருவேனா என்று பார்க்க வேண்டியவள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எங்கும் போகாமல் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் நின்றதும் பழனிச்சாமி கதவைத் திறந்தார். "எங்கியாச்சும் ஈரமுங்களா?" இல்லை என்றேன். காரைப் பொறுத்தவரை அது உண்மை.

12.30. சங்கு ஊதியது. "சாப்ட்டுப்போட்டுப் போலாம், வாங்க" என்றார். தவறாமல் வந்து நின்றது என் பதில்: "ஆச்சுங்க, நீங்க சாப்பிடுங்க." "அட, வாங்கன்னா." இரண்டாவது முறையும் மறுத்தேன், வழக்கம் அப்படி. மூன்றாவது முறை இங்கே யாரும் கூப்பிடுவதில்லை. அவரும் கூப்பிடவில்லை. ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். இந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டேன் என்று மெச்சிக்கொண்டு, பசியோடு பேருந்து ஏறினேன். டிக்கெட் பத்து ரூபாய்.

ஈச்சனாரி வரும்போது போன் அடித்தது. பழனிச்சாமி.

"ஏனுங்க, நெசமாவே போயிட்டீங்களா? டீ மட்டுந்தான்னு சொன்னீங்களே, எப்புடிங்க ஆச்சு? காலைலயே கேன்டீன்ல சொல்லி, உங்களுக்குச் சோறு போட்டு வெச்சிருக்குதுங்க."

ஏழு மாதம் காத்திருந்த ஒரு சாப்பாடு. அது வந்தபோது, நான் கற்ற மரியாதையே அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. "வர்றேங்க" என்று கத்திக்கொண்டே படியை நோக்கி ஓடினேன். "எறங்கறதுன்னா முன்னாடியே சொல்றதில்லீங்களா!" என்று நடத்துநர் விசிலை ஊதினார். திட்டியதிலும் 'ங்க' இருந்தது.

எதிர்ப் பேருந்து பிடித்துத் திரும்பியபோது மதிய வேலை தொடங்கியிருந்தது. லைனை விட்டுவிட்டுப் பழனிச்சாமியால் வர முடியவில்லை. "உக்காந்து நெதானமா சாப்புடுங்க" என்று வாசல் காவலாளியிடம் சொல்லி அனுப்பியிருந்தார். கேன்டீனில் வரிசை வரிசையாகக் காலி ஸ்டூல்கள். ஒரே ஒரு மேசையில், தட்டின்மேல் கவிழ்த்த தட்டு. ஒட்டிய காகிதத்தில் 'மலேசியா சார்'. திறந்தேன். அரிசிம்பருப்பு சாதம், தயிர், இரண்டு அப்பளம். சாதம் ஆறியிருந்தது; அப்பளம் நமத்திருந்தது. யாருமில்லாத கூடத்தில், என் பெயர்கூட இல்லாத ஒரு பெயருக்கு வைத்த சோற்றைப் பிசைந்தேன். என்னைத் தனியாகச் சாப்பிட வைக்க இந்த ஊருக்கு இதைவிட மரியாதையான வழி தெரிந்திருக்காது.

தரை துடைக்கும் அம்மா ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். "சாப்பிட வாங்க" என்றேன்.

"ஆச்சுங்க, நீங்க சாப்புடுங்க."

"அட, வாங்கன்னா."

"ஆச்சுங்க."

அவருக்கு ஆகியிருந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஆனதெல்லாம் எனக்குத் தெரியும். ஆகவே ஈப்போக்காரனாக, மூன்றாவது முறையும் கூப்பிட்டேன். துடைக்கும் கோலை ஊன்றி நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"விடமாட்டீங்களாட்ட இருக்குது" என்று சொல்லி, எதிர் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து, நமத்த அப்பளத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டார்.