அவர் தெரிந்தெடுத்த கூடாரம்

பாலேந்திரன் அண்ணை காலமான செய்தி எனக்கு ஒரு வட்ஸ்அப் குழுவில்தான் முதலில் வந்தது. கைகூப்பிய படங்கள் மூன்று, கீழே "ஆழ்ந்த இரங்கல்" என்று ஒரு வரி. அனுப்பியவர் அவரை ஒருநாளும் கண்டவரல்ல. அதற்குப் பிறகுதான் அவருடைய மனைவி வதனி அக்கா அழைத்தார். "ரகு, விடியப் போயிட்டார்," என்றார். நான் கல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் வாகனத்துக்குள் இருந்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அது இன்னும் ஆறவில்லை, ஆறும்வரை காத்திருந்து எழுதவும் எனக்கு மனமில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கனடாவில் மல்வேர்ன் பக்கம் குடியிருந்தவர். குசினி மேடைகளுக்குக் கருங்கல் வெட்டும் ஸ்காபரோப் பட்டறை ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தார். நானும் அங்கேதான். அதிகம் பேசமாட்டார், பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவரோடு ஒருமுறை காட்டுக்குப் போய் வந்தவர், அடுத்த வருடமே சோதனை எழுதி வேட்டை அனுமதி எடுத்தார். ஊர்ச்சனம் சிரித்தது. கடையில் இறைச்சி விற்கவில்லையா என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில்: "இறைச்சிக்கே போறன்? அங்கை ஒருத்தரும் எனக்குப் புத்தி சொல்ல வாறேல்லை."

மூஸ் என்பது குதிரையிலும் உயரமான காட்டு மான். அதைச் சுடும் அனுமதிக்கு வருடாவருடம் விண்ணப்பித்துப் புள்ளி சேர்த்துக் காத்திருக்கவேண்டும். அவரும் காத்திருந்தார். கிடைத்த வருடத்தில்தான் கல்தூசு அவருடைய நுரையீரலைத் தின்றுவிட்டது தெரியவந்தது. வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார். அடுத்த வருடம் காடு ஏற மூச்சு இராது. இந்த வருடம் போவதென்றால் பாரம் தூக்கக்கூடாது, குளிர்காற்றில் படுக்கவே கூடாது. மூஸ் வேட்டைக்காலம் ஒக்ரோபர். ஆக, அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரேயொரு ஒக்ரோபர்.

அன்றிலிருந்து மனிதர் கூடாரம் தேடத் தொடங்கினார். சாப்பாட்டு நேரமெல்லாம் அதே கதைதான். கடைசியில் அவர் பிடித்தது அடித்தளம் இல்லாத, உள்ளே விறகடுப்பு வைக்கக்கூடிய ஒரு கூம்புக் கூடாரம். நடுவில் ஒரு தடி, மேலே காற்றுப்போக்கி, சரிவில் புகைக்குழாய்க்கு நெருப்புப் பிடிக்காத ஓட்டை. அடுப்பு தகடு தகடாக மடிந்து பைக்குள் போய்விடும். எல்லாம் சேர்த்தும் ஒரு சின்ன அரிசிப் பையின் பாரம் வராது.

"நைலோன் நனைஞ்சால் தொய்யும், பொலியெஸ்டர் தொய்யாது," என்றார் ஒருநாள். "நாலு பேருக்கெண்டு போட்டிருந்தால் அடுப்போடை ரெண்டு பேர்தான் படுக்கலாம். நீரும் நானும் காணும். கீழை துணி இருந்தால் நெருப்புப் பொறி விழுந்து ஓட்டை போடும். மண் எண்டால் பயமில்லை. சப்பாத்தோடையே உள்ளுக்குப் போகலாம்."

வதனி அக்காவின் தம்பி சிவகரன் வீடு விற்கும் தொழில் செய்பவர். நல்ல மனிதர்தான், அக்காவின் கணவர் மேல் உயிரையே வைத்திருந்தவர். என் கோபத்துக்கு வசதியாக அவரைக் கெட்டவராக்க முடியவில்லை. கூடாரத்தின் படத்தைப் பார்த்து அவர் திடுக்கிட்டுவிட்டார். "அத்தான், உதுக்கு நிலமே இல்லையே. மண்ணிலையே படுக்கப் போறியள்? அகதி முகாமிலை படுத்தது காணாதே? கனடாவுக்கு வந்தும் உந்தக் கோலமே?"

அண்ணை அமைதியாகச் சொன்னார்: "முகாமிலை இருந்தது ஆக்கள் தந்த கூடாரம், சிவா. இது நான் தெரிஞ்செடுத்தது."

சிவகரனின் காதில் அது ஏறவில்லை. புரட்டாதியில் அண்ணையின் அறுபதாவது பிறந்தநாளை மண்டபம் எடுத்துக் கொண்டாடினார்கள். கேக் வெட்டி முடிய, மண்டப ஊழியர்கள் சிவப்பு ரிப்பன் கட்டிய பெரிய பெட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். சிவகரன் மைக்கைப் பிடித்தார். "அத்தான் இனி மண்ணிலை படுக்கமாட்டார்," என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். உள்ளே இருந்தது தடித்த கன்வஸ் கூடாரம். தைத்த அடித்தளம், இரும்புத் தடிகள், இரும்படுப்பு. பத்துப் பேர் நின்று சாமி கும்பிடலாம். அண்ணை சிரித்தபடி படத்துக்கு நின்றார். அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.

தான் தெரிந்தெடுத்த கூடாரத்துக்கு அண்ணை ஏற்கனவே கடையில் சொல்லி வைத்திருந்தார். வதனி அக்கா அதை நிறுத்தச் சொன்னார். "சபையிலை வைச்சுத் தந்ததை விட்டிட்டு வேறை வாங்கினால் அவன்ரை முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது?" எங்கள் ஆட்களிடம் இதற்கு மறுபேச்சு இல்லை. தந்த சேலையை ஒருமுறையாவது உடுத்திக் காட்டவேண்டும், தந்த கூடாரத்தில் ஒருமுறையாவது படுத்துக் காட்டவேண்டும். நான் கடிந்து பேசினேன். அண்ணை, "விடும் ரகு, வீட்டுக்குள்ளை சண்டை வேண்டாம்," என்றார்.

ஒக்ரோபரில் போனோம். மூஸ் நின்றது மரம் வெட்டுவோரின் பாதை முடிந்து, இரண்டு குளம் கடந்து, சதுப்பு நிலத்துக்கு அப்பால். சிவகரன் தந்த கூடாரம், அதன் பாரத்தில், பாதை முடியும் இடத்தைத் தாண்டவேயில்லை. நான் பகுதி பகுதியாகச் சுமக்கிறேன் என்றேன். முதல் குளத்துக்கு இரும்புத் தடிகளை மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கவே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. நானும் இளந்தாரி இல்லை. அடுப்பில்லாமல் அப்பால் இரவு தங்கினால் அவருடைய மார்பு தாங்காது. அதனால் வாகனத்துக்குப் பக்கத்திலேயே கூடாரத்தை அடித்துத் தங்கினோம். "கூடாரத்துப் படம் போடுங்கோ அத்தான்," என்று சிவகரன் முதல்நாளே எழுதியிருந்தார். போகும் வழியில் தொலைபேசி வேலை செய்த கடைசி இடத்தில் அதைப் பார்த்தோம்.

கடைசி நாள் பின்னேரம் அண்ணை இரண்டு கைகளையும் வாயில் குவித்துப் பெண் மூஸ் போலக் குரல் கொடுத்தார். பாதி மூச்சிலேயே இருமல் வந்தது. ஆனாலும் தூரத்தில் இரண்டாம் குளத்துப் பக்கமாக ஆண் மூஸ் ஒன்று பதில் சொன்னது. அவர் கூப்பிட்டார், அது மறுபடியும் சொன்னது. கிட்ட வரவில்லை. அவரைத்தான் அங்கே வரச்சொல்லி நின்றது. இருட்டும்வரை அது கூப்பிட, அவர் ஒரு மரக்குற்றியில் இருந்து கேட்டுக்கொண்டேயிருந்தார்.

"கிட்டத்தான் நிக்குது, ரகு," என்றார். "நான் வருவன் எண்டு பாத்துக்கொண்டு நிக்குது."

அதன் பிறகு அவர் வேட்டையைப் பற்றிப் பேசவில்லை. மாரியில் ஒட்சிசன் குழாயோடு வீட்டில் கிடந்தார். மாரி முடிய முதல் போய்விட்டார்.

இறுதிக் கிரியையில் சிவகரன் பேசினார். "அத்தான் ஆசைப்பட்ட கூடாரத்திலை, ஆசைப்பட்ட காட்டிலை ஒருமுறை படுத்திட்டுத்தான் போனவர்," என்று சொல்லி அழுதார். உண்மையாகத்தான் அழுதார். இருந்த சனமும் அழுதது. எனக்கு எழும்பிக் கத்தவேண்டும் போலிருந்தது. பெட்டிக்குள் கிடந்தவர் வீட்டுக்குள் சண்டை வேண்டாம் என்றவர் என்பதால் எழும்பவில்லை.

எட்டாம்நாள் சடங்கான எட்டுச் செலவன்று சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும் நேரம் சிவகரன் கேட்டார்: "அக்கா, அந்தக் கூடாரம் கீழை சும்மாதானே கிடக்கு? யூலை லோங் வீக்கெண்டுக்குப் பிள்ளையளோடை பார்க்குக்குப் போறம். எடுக்கட்டே?"

"எடுத்துக்கொண்டு போ," என்றார் வதனி அக்கா.

ஒரு கை பிடிக்கச் சொல்லி சிவகரன் என்னைப் பார்த்தார். நான் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அவரே மகனோடு நிலவறைக்கு இறங்கினார். பாதிப் படியில் பையை வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார்.

"என்ன பாரமப்பா இது. அக்கா, அத்தான் இதை எப்பிடித் தூக்கினவர்?"

வதனி அக்கா மேல்படியில் நின்றார். கையில் கழுவிய பாத்திரம் ஒன்று ஈரத்தோடு இருந்தது.

"அவர் தூக்கேல்லை, தம்பி," என்றார். பிறகு அதே படியில் அப்படியே குந்திவிட்டார்.

அண்ணை, இனி உங்களுக்கு ஒருவரும் ஒன்றும் தரமாட்டார்கள். நிம்மதியாகப் போங்கள்.