முதல் அடுப்பு

ஹுவெஃபா மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் பிழிந்து, காரி என்ற ரவையாக வறுக்க உட்கார்ந்தால், கொத்தோனு நகரத்து வியாபாரிகள் சாக்கோடு காத்துக் கிடப்பார்கள். பொஹிகோன் பக்கத்து அந்த ஊரில் பெண்கள் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து காரி வறுக்கும் பொதுக் கொட்டகையின் முதல் அடுப்பு அவளுடையது. கிழங்கு துருவும் இயந்திரம் எல்லாருக்கும் பொது. வேலையும் அப்படித்தான். ஒருத்தி வீட்டுக் கிழங்குக்கு எல்லாரும் வந்து தோல் சீவினால், மற்றவர்களின் முறை வரும்போது அவள் போயாக வேண்டும்.

அப்போதுதான் சவாலு ஊரிலிருந்து யெமாலின் வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவள் வறுத்த காரி மணல்போல நைசாக, லேசான புளிப்போடு இருந்தது. வியாபாரிகள் அந்த மூட்டையைத் தேட ஆரம்பித்தார்கள். ஹுவெஃபாவுக்கு வயிறு எரிந்தது. யெமாலின் சிரித்தால் எரிச்சல், சும்மா இருந்தால் அதைவிட எரிச்சல். யெமாலின் வீட்டு முறை வந்த அன்று ஹுவெஃபா முதுகுவலி என்று படுத்துக்கொண்டாள். அங்கிருந்து வந்த பாட்டையும் சிரிப்பையும் கேட்டுப் படுக்கையிலேயே புழுங்கினாள்.

அடுத்து ஹுவெஃபாவின் முறை. தோண்டிய கிழங்கு முற்றத்தில் குவிந்து கிடந்தது, தாமதித்தால் கறுத்துவிடும். கத்தியோடு முதலில் வந்தவள் யெமாலின். அவள் வராமல் இருந்திருந்தால் திட்டவாவது ஒரு சாக்கு கிடைத்திருக்கும்.

“முதுகு எப்படிக்கா இருக்கு?”

“தேவலை.”

“என் வீட்டுப் பக்கம் வந்தாத்தான் வலிக்கும் போல.”

மற்ற பெண்கள் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார்கள். யெமாலின் பொழுது சாயும்வரை சீவினாள். ஒரு கிழங்கிலும் துணுக்குத் தோல் விடவில்லை. அந்தச் சுத்தமும் ஹுவெஃபாவைக் குத்தியது.

மழைக்காலம் முடிந்து சங்கம் கூடியது. முதல் அடுப்பில் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் பக்குவம் சொல்ல யெமாலின்தான் சரி என்று தலைவி அயாபா சொன்னாள். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. ஹுவெஃபாவின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

“அவ கைப்பக்குவம் நல்லாத்தான் இருக்கு,” என்றாள் கடைசியில். “எனக்கு அவளைப் பிடிக்கலை. அது வேற.”

சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினாள்.

பொறாமை அன்றோடு போய்விடவில்லை. யெமாலின் என்ன செய்தாலும் ஓரக்கண்ணால் நோட்டம் விட்டாள். பிழிவதற்கு முன் துருவலைக் கூடுதலாக ஒரு நாள் புளிக்கவிடுகிறாள் என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தாள். வாய்விட்டுக் கேட்க மனம் வரவில்லை. ஆனால் யெமாலின் வீட்டு முறைக்கு அதன்பிறகு ஒருமுறைகூடப் போகாமல் இருந்ததில்லை. போய், ஒரு மூலையில் உட்கார்ந்து, அவளைவிட வேகமாகச் சீவப் பார்ப்பாள்.