புளி படாத ஜப்பான் ஜாடி

வடக்கே போபோடியில் குடியிருந்தபோது, காண்டோன்மென்ட் பக்கம் ஒரு தமிழ்க்காரர் பங்களாவில் பாத்திரம் தேய்த்தேன். ஐயா பட்டாளத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நான் மூன்றாவது வரை படித்தவள்தான். ஆனால் பித்தளையோ செம்போ வெள்ளியோ, கையில் எடுத்ததும் சொல்லிவிடுவேன். இதில் என்னை மிஞ்ச அந்தத் தெருவில் ஆளில்லை.

தொண்ணூற்றெட்டோ ஒன்பதோ இருக்கும். அவர்கள் மகன் கடக்வாஸ்லா ராணுவ அகாடமியில் பயிற்சி முடித்திருந்தான். மறுநாள் வீட்டில் விருந்து. வீட்டு அம்மா கூடத்திலிருந்த ஜாடியைக் கொண்டுவந்து வைத்தார்.

"ஏம்மா, குத்துவிளக்கோட இதையும் புளி போட்டுத் தேய். கன்னங்கரேல்னு கெடக்கு."

ஐயாவின் அப்பா, பட்டாளத்தோடு ஜப்பான் போனபோது வாங்கிவந்த பழைய ஜாடி அது. முழங்கை உயரம். கறுப்பு உடம்பில் வெள்ளியில் இரண்டு கொக்கு, தங்கத்தில் நாணல். ஒட்டியது இல்லை, வெட்டி உள்ளே பதித்தது. நகத்தால் வருடினாலும் தட்டாது.

எந்தப் பாத்திரமானாலும் முதலில் அடியில் தேய்த்துப் பார்ப்பது என் வழக்கம். கட்டைவிரல் அளவு புளி வைத்தேன். கறுப்பு போய் இளஞ்சிவப்பாகச் செம்பு பல்லைக் காட்டியது. கழுவித் துடைத்து, அப்படியே நிறுத்திவிட்டேன்.

அம்மா வந்து பார்த்தார். "இன்னும் தேய்க்கலியா? புளி பத்தலையா, கை வலிக்குதா?"

"இது அழுக்கில்லம்மா. அழுக்குன்னா இடுக்குலதான் அண்டும். இங்க கழுத்து இடுக்கு, வயித்து மேடு எல்லாம் ஒரே கறுப்பு. வேணும்னே ஏத்தினது."

"ஓ, ஜப்பான்காரன் வந்து உங்கிட்ட சொன்னானாக்கும்?"

"பாத்திரமே சொல்லுதும்மா."

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "முடியலைன்னா சொல்லு, நாளைலேர்ந்து வேற ஆள வச்சுக்கறேன்."

என் வீட்டுக்காரருக்கு ஃபேக்டரி வேலை போய் நாலு மாதம். அந்த வீட்டை நம்பித்தான் என் அடுப்பு எரிந்தது. இருந்தாலும் சொன்னேன்: "வச்சுக்குங்கம்மா. நான் இதுல புளி வைக்க மாட்டேன்."

சத்தம் கேட்டு ஐயா வந்தார். அடிப்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள், மறைத்திருக்கலாம். நானே கவிழ்த்துக் காட்டினேன். "இவ்வளவுதான் தேய்ச்சேங்கய்யா. என் தப்புதான்."

ஐயா அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "செம்புல துளி தங்கம் கலந்து, மருந்துத் தண்ணில வேகவச்சு வரவழைக்கிற கறுப்பும்மா இது. போனா திரும்ப வராதுன்னு அப்பா சொல்வார்." அம்மா பக்கம் திரும்பினார். "தேய்க்கச் சொன்னது யாரு?"

அம்மா புளிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாளைக்கு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

மறுநாள் வழக்கமான நேரத்துக்குப் போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் கூடம் நிறைய விருந்தாளிகள். யாரோ ஒரு பெண்மணி, "ஜாடி ஏன் இப்படிக் கறுத்திருக்கு? பாலிஷ் போடலியா?" என்று கேட்டது அடுக்களை வரை கேட்டது.

"ஐயோ, தொட்டுடாதீங்கோ!" இது அம்மாவின் குரல். "அது அழுக்கில்லை. அழுக்குன்னா இடுக்குலதானே அண்டும்? இது வேணும்னே ஏத்தினது."

நான் தட்டுகளைத் துடைத்து அடுக்கினேன். அதற்குப் பிறகும் ஆறு வருஷம் அந்த வீட்டில்தான் வேலை செய்தேன். ஜாடியைத் துடைக்க வேறு யாரையும் அம்மா விட்டதில்லை.